கிட்டாரில் வைத்த நடுக்கம்

அறுபதுகளில், என் மனைவி நாகப்பட்டினத்தில் கப்பலேறி எங்கள் சிராங்கூன் ரோட்டு வீட்டுக்கு வந்த புதிது. ஊரில் விட்டு வந்த அம்மாவை நினைத்து அவள் கண் கலங்கும்போதெல்லாம், "அழாத, சரியாயிடும் லா" என்று அடக்கிவிடுவேன். அவளைச் சிரிக்க வைக்கத்தான் என் கிட்டாருக்கு ஒரு ட்ரெமோலோ பெட்டி செய்தேன். கிட்டாரை அதில் இணைத்து வாசித்தால் ஒலி அலைபோலக் கூடிக் குறைந்து நடுங்கும். ஆனால் கூடவே டிக் டிக் என்று ஒரு சத்தமும் வந்தது.

"இது பாட்டா, கடிகாரமா?" என்று கேலி செய்தாள்.

சுங்கை ரோடு சந்தையில் கண்டென்சர் என்கிற மின்பாகத்தில் பெரியதாகப் பார்த்து வாங்கி வந்து பெட்டியில் பொருத்தி, அந்தச் சத்தத்தை வடிகட்டினேன். டிக் டிக் போயிற்று; நடுக்கமும் போயிற்று.

"அழறவ வாயைப் பொத்துன மாதிரி இருக்குங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்களே, வடிகட்டுவதும் அப்படித்தான். பெரியதைக் கழற்றிவிட்டுச் சின்னக் கண்டென்சரைப் போட்டேன். டிக் டிக்கின் கூர் மட்டும் மழுங்கி, நடுக்கம் திரும்பி வந்தது.

"எங்கம்மா பாடுற மாதிரியே இருக்கு." அவள் குரலும் நடுங்கியது.

அழாதே என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "அம்மா எப்படிப் பாடுவாங்க?" என்று கேட்டேன். அழுதுகொண்டே பாடிக் காட்டினாள்.

இப்போதெல்லாம் யார் அழுதாலும் நான் அடக்குவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.