ஜமால் பாய் கடையில் டேப் வெட்டிய பெட்டிகள்

ஜமால் பாய் போய்விட்டார்...

காலையில் எங்கள் வீடியோக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தபோது நம்பவில்லை. இதே குரூப்பில்தான் ஒருமுறை உயிரோடு இருந்த கேமராமேனுக்கு எல்லோரும் அஞ்சலி என்று மாலை போட்ட படம் போட்டார்கள்.

பாய் நம்பருக்கே போன் அடித்தேன். அவர் தம்பி ரஃபி எடுத்தான். "ஆமாண்ணே... அண்ணன் விடிகாலை பஜ்ரு தொழுகைக்கு எந்திரிக்கல. தூக்கத்துலயே போயிட்டாரு" என்றான்.

தெரியாதவர்களுக்கு... திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடிப்படிக்குக் கீழே கம்ப்யூட்டர் ஸ்பேர்ஸ் கடை வைத்திருந்தவர். நான் ரெட்டியார்சத்திரத்தில் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவன். இரண்டு பேருக்கும் ஒரே ஒற்றுமை, எவனையும் லேசில் நம்ப மாட்டோம்.

முதல்முறை போனது ஒரு சித்திரை வெயிலில். தாலி கட்டும் சீன் ரெண்டர் ஆகி வீடியோவாக வரும்போதெல்லாம் என் சிஸ்டம் தானாக ஆஃப் ஆகிக்கொண்டிருந்தது. கிராபிக்ஸ் கார்டு கொதிக்கிறது, கம்பெனி ஃபேன் பத்தாது, அதைக் கழற்றிவிட்டுத் தனியாக ஒரு கூலர் வாங்கி மாட்டு என்றார் பாய்.

கடையில் இருந்த மூன்று ஃபேன், கலர் கலராக லைட் எரிகிற கூலர் ஒன்றை நான் ஏற்கெனவே மனதில் வைத்திருந்தேன். அவர் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மேல் தட்டிலிருந்து தூசி படிந்த பெட்டியில் இரண்டு ஃபேன் கூலர் ஒன்றை எடுத்து வைத்தார். தேங்கிய சரக்கை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

போதாததற்கு அந்தப் பெட்டியின் டேப் வெட்டப்பட்டிருந்தது. யாரோ வாங்கி, திருப்பிக் கொடுத்த பீஸ். வேறென்ன?

கேட்டே விட்டேன்.

"பிரிக்காத பெட்டிய நான் விக்கிறதில்ல அப்பு. உள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியாம ஒனக்கு எப்படிக் குடுக்கிறது?"

பதில் ரொம்ப நன்றாக இருந்தது. அதனாலேயே எனக்குச் சந்தேகம் கூடியது.

இந்தக் கூலர் இன்னின்ன கார்டுக்குப் பொருந்தும் என்று பெட்டியில் அச்சடித்திருப்பதையும் அவர் நம்ப மாட்டார். கார்டின் பின்பக்கம் பேப்பரை வைத்து, நான்கு ஸ்க்ரூ ஓட்டையையும் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார். ஒரே பெயரில் வருகிற கார்டிலேயே ஓட்டை மாறி மாறி வரும் என்பார்.

மூன்று ஃபேன் கூலருக்கும் அதே மாதிரி பார்க்கச் சொன்னேன். ஓட்டை கச்சிதமாகப் பொருந்தியது! மாட்டிக்கொண்டார் பாய் என்று நிமிர்ந்தேன். அவர் நான் தூக்கிப் போயிருந்த சிஸ்டம் கேபினட்டை இழுத்து, அந்தக் கூலரை உள்ளே வைத்துக் காட்டினார். கதவு மூடவில்லை.

சரி, இரண்டு ஃபேனே போதும் என்றேன். மாட்டி வைக்கிறேன், கார்டை விட்டுவிட்டு சாயங்காலம் வா என்றார். விட்டுவிட்டா? மாற்றிவிட்டால்?

அங்கேயே ஃபேன்சி ஸ்டோரில் சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கி, கார்டின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு புள்ளி வைத்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

சாயங்காலம் போனேன். புள்ளி இருந்தது. பக்கத்திலேயே நீலத்தில் இன்னொரு புள்ளி. கூலரிலும் ஒரு நீலம்.

"சிவப்பு ஒன்னுது, நீலம் என்னுது. நாளைக்கு நீ வேற கார்டக் கொண்டாந்து, நாந்தேன் கெடுத்தேன்னு சொல்லக் கூடாதுல்ல?"

அன்றைக்குத்தான் எனக்கு அந்த மனுஷனைப் பிடித்துப்போனது.

அப்புறம் எத்தனையோ சாமான் வாங்கிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் டேப் சண்டை உண்டு. ஒரு தடவையாவது சீல் பிரிக்காத பெட்டியைக் கொடுங்க பாய், ஆசையாக இருக்கிறது என்பேன். ஆசையாக இருந்தால் அல்வா வாங்கித் தின்னு என்பார்.

இப்போது கொஞ்ச நாளாக என் புது கார்டும் கொதிக்கிறது. ஆவணி முகூர்த்தம் முழுக்க புக்கிங். நடுவில் சிஸ்டம் படுத்தால் என் தொழிலும் படுத்துவிடும். நெட்டில் ஒரு கூலரைப் பார்த்து படம் அனுப்பினேன். உடனே வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"வாங்கிராத அப்பு. மெமரி சிப்பு மேல ஒட்டுற தகடு படத்துல காணோம். எனக்கு டவுட்டா இருக்கு. நான் வரவழைச்சுப் பாக்குறேன், அதுவரைக்கும் செத்த பொறு."

பொறுத்திருந்தேன்...

இன்று மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். கபர்ஸ்தான் வரைக்கும் போய், நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

திரும்பும்போது ரஃபி கடை ஷட்டரைப் பாதி தூக்கி ஒரு பெட்டியை எடுத்து வந்தான். "ஒங்களுக்குன்னு அண்ணன் வச்சதுண்ணே. நேத்துத்தான் சொன்னாரு" என்றான்.

அதே கூலர். டேப் வெட்டவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. பாயாவது, பிரிக்காத பெட்டியைக் கொடுப்பதாவது? அண்ணன் பெயரைச் சொல்லி இவன் சரக்கைத் தள்ளுகிறான், மண் ஈரம்கூடக் காயவில்லையே என்று கோபம் கோபமாக வந்தது. துக்க வீடு என்பதால் பேசாமல் வாங்கி வந்துவிட்டேன்.

வீட்டில் வந்து டேப்பை உரித்தால்... அடியில் இன்னொரு டேப். வெட்டிய டேப்.

பாய் பிரித்துப் பார்த்துவிட்டு, என் ஆசைக்காக ஓரம் பிசகாமல் மேலே புதுசாக ஒட்டியிருக்கிறார். உள்ளே மெமரி சிப்புக்கான தகடுகள் தனியாக ஒரு கவரில். கூலரின் அடியில், மூலையில், நீலப் புள்ளி.

இவ்வளவு நேர்த்தியாக ஒட்டத் தெரிந்த மனுஷன், இத்தனை வருஷம் ஏன் ஒட்டவில்லை?

பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிட்டேன்.

போயிட்டு வாங்க பாய்.