சியம் ரீப் பக்கத்தில் ஒரு கல் ஆமை

கயல், இனியா, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த படம் எங்கே என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். இடிந்த கோவிலில் கல் ஆமைக்குப் பின்னால் உட்கார்ந்து அப்பா சிரிக்கிற படம். அதை அங்கிருந்து கழற்றியது நான்தான். ஏன் என்று சொல்ல வாய் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

கம்பெனி ஒரு பழைய கிரேனைக் கம்போடியாவில் விற்றது. அதைப் பூட்டிக் கொடுக்க முசஃபா யார்டிலிருந்து என்னையும் ஆபரேட்டர் முருகேசன் மாமாவையும் அனுப்பினார்கள். அபுதாபியிலிருந்து பாங்காக் ஆறு மணி நேரம், அங்கிருந்து சியம் ரீப் ஒரு மணி நேரம். கடைசி நாள் காலை மட்டும் ஓய்வு. மதியம் இரண்டு மணிக்கு விமானம். முந்தின நாள் போனில் கயல் கேட்டாள்: "அப்பா, பாற்கடல் கடையுற கார்விங் அங்க இருக்காம். அந்த ஆமை வேணும். நீங்களும் இருக்கணும். செல்ஃபி வேணாம், ப்ராப்பர் போட்டோ!"

காலை 5.30. டுக்டுக் ஓட்டுநர் சோபாலுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். பெரிய கோவில்களுக்கு நேரம் போதாது, 38 கிலோமீட்டரில் யாரும் பழுதுபார்க்காத சின்னக் கோவில் இருக்கிறது, அங்கே ஆமை உண்டு என்றார். போய்வர இருபத்தைந்து டாலர். வழியெல்லாம் நெல்வயல், பனைமரம், செம்மண்.

"யோவ் செல்வம், இது நம்ம அறந்தாங்கி ரோடுய்யா! இதுக்கா பாஸ்போர்ட்டு, விசா?" என்றார் முருகேசன் மாமா.

7.10. மரங்களுக்கு நடுவே கல் குவியல். கோபுரம் உள்ளுக்குள்ளேயே சரிந்து கிடந்தது. நிற்கிற ஒரே சுவரையும் ஒரு மரத்தின் வேர்தான் பிடித்திருந்தது. விழுந்த கல் ஒவ்வொன்றிலும் விரல் நுழைகிற வட்டத் துளைகள். எனக்குப் புல்லரித்தது. முளை அடித்துக் கயிறு கட்டித் தூக்கிய துளைகள் அவை. கிரேன் கொக்கியில் பாரம் கட்டிவிடுகிற உங்கள் அப்பாவின் வேலையை, எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே ஒருவன் செய்திருக்கிறான்.

யாரும் போகாதபடி தடுப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். ஆமை அதற்கு அந்தப் பக்கம் இருந்தது. கயிற்றில் ஒரு பலகை: கல்மேல் ஏறுகிற மனிதன், குறுக்கே சிவப்புக் கோடு. படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும். நான் தாண்டினேன்.

"சைட்ல எவனாச்சும் லோடு மேல ஏறுனா ஊரே கேக்குற மாதிரி கத்துவ. இங்க நீயே குரங்கு மாதிரி தாவுற?" என்று சிரித்துக்கொண்டே மாமா போனைத் தூக்கிப் பிடித்தார்.

"புள்ள கேட்டுச்சுண்ணே. சீக்கிரம் எடுங்க."

ஆமைக்குப் பின்னால் கிடந்த கல்மேல் உட்கார்ந்தேன். மாமா படம் எடுத்தார். எழுந்திருக்கக் காலை ஊன்றினேன். நான் உட்கார்ந்திருந்த கல் ஆடியது, ஒரு சாண் வழுக்கியது, ஆமையின் மேல் இடித்து நின்றது. சத்தம் பெரிதாக இல்லை. ஆமையின் தலை உடைந்து புல்லில் கிடந்தது, எலுமிச்சை அளவுக்கு.

சோபால் வந்து என் பூட்ஸைப் பார்த்தார். திட்டவில்லை. தலையை எடுத்து மண்ணைத் துடைத்து ஆமையின் முதுகில் வைத்தார். யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். காவலாள் பத்து மணிக்கு வருவார் என்றார்.

"பத்து மணியா? யல்லா, கெளம்பு! ஃப்ளைட்டு போயிரும். கலாஸ், முடிஞ்சு போச்சு, யாரு பாத்தா?" என்றார் மாமா.

யார்டில் ஒரு பைப் கீறினாலும் ரிப்போர்ட் எழுதாமல் யாரையும் வீட்டுக்கு விடமாட்டேன். அன்று டுக்டுக்கில் ஏறினேன். மணி எட்டுகூட ஆகவில்லை. காத்திருந்து சொல்லிவிட்டே விமானத்தைப் பிடித்திருக்கலாம். இறங்கும்போது சோபால் ஒன்றுதான் சொன்னார்: "சின்ன வயசில் அந்த ஆமை மேலே கைவைத்துத்தான் நடக்கப் பழகினேன்."

வீட்டுக்கு வந்து உங்களிடம், "ரொம்ப அழகா இருந்துச்சு" என்றேன். கயல் படத்தைப் பிரிண்ட் போட்டு ஒட்டினாள். அதில் ஆமைக்குத் தலை இருக்கிறது. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் பார்த்தேன், ஏழு வாரம்.

நேற்று நீங்கள் ஸ்கூல் பஸ் ஏறிய பிறகு சோபாலுக்கு போன் செய்தேன். காவலாளிடம் போய், உடைத்தது யார் என்று என் பெயரைச் சொல்லச் சொன்னேன். பிறகு கார் பார்க்கிங்கில் தனியாக நின்று, ஃபிரிட்ஜிலிருந்து கழற்றிய அந்தப் படத்தை நாலாக மடித்து என் ஹெல்மெட்டின் உள்பட்டைக்குள் செருகி, தலையில் மாட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போனேன்.