செந்தாமரையின் நடுத்தரத் தொலைநோக்கி

செந்தாமரையைப் பற்றி நல்லபடியாக எழுத எனக்கு மனசு வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் எங்கள் இருவர் மேசையும் எதிரெதிரே கிடக்கின்றன. நான் அவளுக்குப் பதினைந்து வருஷம் சீனியர். ஆனாலும் சந்தேகம் கேட்டு வருகிற மாணவர்கள் என் மேசையைத் தாண்டி அவளிடம்தான் போவார்கள்.

அவள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வாய்க்கால் முடிகிற கடைமடை. அப்பா கோவிந்தராசு அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டு, அறுத்து, பிறகு சொந்தமாக ஒரு ஏக்கர் வாங்கியவர். என் ஊர் கல்லணைக்குப் பக்கம். கல்லணை திறந்த அன்றைக்கே எங்கள் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். பேப்பரில் தேதி பார்த்து நாற்று விடுகிற குடும்பம் எங்களுடையது.

இருவருக்கும் ஒரே ஆராய்ச்சிதான்: வேறு நட்சத்திரங்களைச் சுற்றுகிற கோள்கள். ஒரு கோள் தன் நட்சத்திரத்துக்கு முன்னால் கடக்கும்போது வெளிச்சம் துளி குறையும். அந்த நேரத்தில் பார்த்தால்தான் எதுவும் தெரியும். நான் உலகமே வரிசையில் நிற்கிற பெரிய விண்வெளித் தொலைநோக்கிக்கு மட்டுமே விண்ணப்பித்தேன். ஒரே கோளுக்காக நாலு தடவை போட்டேன், நாலு தடவையும் இல்லை என்றார்கள். அவளோ நடுத்தரச் செலவில் செய்து மேலே அனுப்பிய ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். பெரியது ஒன்றுக்கு ஆகிற செலவில் அதைப் போல் பத்து செய்யலாம். கண்ணாடி சின்னது. ஆனால் ஒரே நட்சத்திரத்தை வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்கும், பார்த்ததை எல்லாருக்கும் இணையத்தில் போட்டுவிடும். அதை வைத்து அவள் ஆறு கட்டுரை எழுதிவிட்டாள். நான் ஒன்று. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"குண்டுச்சட்டியில குதிரை ஓட்டுறீங்க" என்று ஒருநாள் சொல்லியே விட்டேன்.

"ஒரே நட்சத்திரத்தைப் பாத்துக்கிட்டு உக்கார பெரிசுக்கு நேரம் ஏது சார்? இது உக்காருது. அதுக்குன்னுதானே இதைச் செஞ்சிருக்காங்க" என்று சிரித்தாள். கோபப்பட்டிருந்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஐந்தாவது தடவை எனக்குக் கிடைத்தது. ஆறு மணி நேரம், பெரிய தொலைநோக்கியில்! ஓய்வு பெற நாலு வருஷம் இருக்கையில் வந்த யோகம். திருவையாற்று அசோகா அல்வா வாங்கி வந்து துறை முழுக்கக் கொடுத்தேன். செந்தாமரைக்கு மட்டும் ஒரு கரண்டி கூடுதலாக வைத்தேன், எரியட்டும் என்று. அவள் அதை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "கோள் கடக்குற நேரத்தைப் புதுசா சரிபாத்துட்டீங்களா சார்?" என்றாள்.

"எல்லாம் எங்களுக்கும் தெரியும்" என்றேன். நான் கொடுத்திருந்தது நாலு வருஷத்துக்கு முன் கோளைக் கண்டுபிடித்தபோது அச்சான நேரம்.

வந்த வரைபடம் ஒரே நேர்கோடாக இருந்தது. வெளிச்சம் எங்கேயும் குறையவில்லை. இரண்டு நாள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கணக்குப் போட்டேன், பிடிபடவில்லை. மூன்றாம் நாள் வெட்கத்தை விட்டு அவள் மேசைக்குப் போனேன்.

ஒரு பார்வைதான் பார்த்தாள். "பழைய நேரத்துல கோளோட ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு நிமிஷம் பிசகு இருக்கு சார். நாலு வருஷத்துல அஞ்சு மணி நேரம் தள்ளிப் போயிடுச்சு. நீங்க பாத்து முடிச்ச அரை மணியில கோள் கடந்திருக்கு."

அந்த ஆறு மணி நேரம் இனி எனக்குக் கிடைக்கப் போவதில்லை.

"மேட்டூர்ல திறந்த தேதியை நம்பி எங்கப்பா விதைக்க மாட்டாரு. சைக்கிள்ல போய் வாய்க்காலைப் பாத்துட்டு வந்துதான் விதைப்பாரு" என்றாள். பிறகு தயங்கி, "நடுத்தரத் தொலைநோக்கியில பாத்து இந்த நேரத்தைப் போன வருஷமே எழுதிட்டேன். உங்களுக்கும் அனுப்புனேனே சார்" என்றாள்.

என் மேசைக்குத் திரும்பி மெயிலில் அவள் பெயரைத் தேடினேன். இருந்தது. கூடவே ஒரு வரி: 'சார், உங்க கோள்தான். உங்களுக்குப் பெரிய தொலைநோக்கி கிடைக்கும்போது உதவும்.' எட்டு மாதமாக அதை நான் திறக்கவே இல்லை. இன்னொரு கட்டுரை போட்டுவிட்டாள் என்று காட்டத்தான் அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்தேன்.