காற்றாகப் போன முதல் சுரம்

போன மார்கழியில், திருவண்ணாமலையில் நடந்தது இது. முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ட்ரம்பெட்டை மெதுவாக ஊதுபவன் நெஞ்சில் தெம்பில்லாதவன், நடுவில் நிறுத்துபவன் பாட்டை மறந்தவன் என்று நாற்பத்தொன்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

என் பிழைப்பு அப்படி. வேங்கிக்காலில் ஜெராக்ஸ் கடை. முகூர்த்த நாட்களில் பேண்டு செட்டில் ட்ரம்பெட். மாப்பிள்ளை அழைப்பில் வெடி, டிரம்ஸ், பஸ் ஹாரன் எல்லாவற்றையும் தாண்டிக் கேட்க வேண்டும். மூச்சு வாங்க இரண்டு நொடி நிறுத்தினால் போதும், ஆடிக்கொண்டிருக்கும் மாப்பிள்ளையின் நண்பர்கள், "யோவ், இன்னா நிறுத்திட்ட?" என்று சட்டையைப் பிடிப்பார்கள்.

அப்படி ஓர் ஊர்வலத்தில் என்னைப் பார்த்த வெளிநாட்டு அம்மா ஒருவர் கடைக்கு வந்தார். கிரிவலப் பாதை ஓரம் பல வருடங்களாகக் குடியிருப்பவர். கணவரின் முதலாண்டு நினைவு நாளன்று, அவருக்குப் பிடித்த ஒரு ஜாஸ் பாட்டை நான் வீட்டுக்கு வந்து வாசிக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கணவர் அதைப் போட, இவர் கூடவே பாடுவாராம். அவர் போன பிறகு போடவே இல்லையாம். "மெதுவா வேணும்," என்றார் தமிழில்.

போனில் அனுப்பியதைக் கேட்டேன். வாசித்தவர் பாதித் தூக்கத்தில் இருந்தார் போலிருக்கிறது. ஒரு வரி வாசிப்பார், பிறகு சும்மா இருப்பார். அந்த இடங்களில் எல்லாம் நாலு சங்கதி போட்டு நிரப்பினால் அம்மா அசந்துபோவார் என்று முடிவு செய்தேன்.

கூட கீபோர்டு வாசிக்க, சர்ச்சில் வாசிக்கும் டீச்சர் ஒருவர் சம்மதித்தார். வயதில் என்னைவிடப் பத்து வருடம் சின்னவர், வாயில் பத்து வருடம் பெரியவர். ஒத்திகையில் என் முதல் சுரத்துக்கு ஜன்னல் புறா பறந்தே போய்விட்டது.

"அண்ணா, இங்க யாரும் குதிரை மேல வரல," என்றார். "நாக்கால துப்பி ஆரம்பிக்கிறீங்க. 'தூ' வேணாம். 'லூ'ன்னு சொல்ற மாதிரி காத்த விடுங்க. மூச்ச வரி முடியற எடத்துல வாங்குங்க. பேசறப்போ பாதி வார்த்தையில வாங்குவீங்களா?"

நான் நிரப்பிய சங்கதிகளைக் கேட்டு, "இதெல்லாம் யாரு கேட்டாங்க?" என்றார்.

"காலியா இருக்குதே டீச்சர்."

"இருக்கட்டும். அந்தம்மா ஒரு வருசமா இந்தப் பாட்ட கேக்கல. நீங்க கெடுத்து வச்சீங்கன்னா, இனிமே அவங்களுக்கு அதான் ஞாபகம் வரும்."

அதைக் கேட்டதும்தான் எனக்குப் பயம் பிடித்தது.

மார்கழியில் முகூர்த்தம் இல்லை. இரண்டு வாரம், தினமும் காலையில் ஒரே சுரத்தை முடிந்தவரை மெதுவாக, மூச்சு தீரும் வரை ஊதினேன். காற்று குறைந்தால் நடுங்குகிறது, உதடு இறுகினால் கீச்சிடுகிறது. மனைவி எட்டிப் பார்த்து, "ஊதறீங்களா, தொடைக்கிறீங்களா? சத்தமே காணோம்," என்றாள். எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

அந்த நாளும் வந்தது. மாலை நாலு மணி, பத்துப் பதினைந்து பேர். வாய் உலர்ந்துபோய் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தேன். அதனால் இரண்டு முறை பாத்ரூம் எங்கே என்று கேட்டேன். மவுத்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே பை முழுக்கத் தேடினேன். வந்தவர்கள் அதை ஏதோ சடங்கு என்று நினைத்து மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் முன்னிசை வாசித்தார். நான் 'லூ' என்று ஆரம்பித்தேன். வெறும் காற்று. சைக்கிள் டியூப் இறங்குகிற சத்தம். செருப்பு வாசலில் இடது பக்கம் இருக்கிறது, கேட் திறந்திருக்கிறது என்று கணக்குப் போட்டேன்.

டீச்சர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. முன்னிசை இரண்டு முறை வருவதுதான் வழக்கம் என்பதுபோல், அதையே முதலிலிருந்து நிதானமாக வாசித்தார். இந்த முறை சுரம் வந்தது. சின்னதாக, உருண்டையாக.

முதல் வரி முடிந்தது. காலி இடம். விரல்கள் துடித்தன, அடக்கிக்கொண்டேன். அந்த அமைதியில் மெல்லிய குரல் ஒன்று கேட்டது. அந்த அம்மா தரையைப் பார்த்தபடி, நான் வாசித்த வரியின் வார்த்தைகளைப் பாடிக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும் வரை காத்திருந்தேன். அடுத்த வரியை அவர் குரல் மூழ்கிவிடாத அளவுக்கு இறக்கி ஊதினேன்.

திரும்பும்போது ஆட்டோவில் டீச்சருக்கு நன்றி சொன்னேன்.

"எதுக்குண்ணா?"

"மறுபடியும் மொதல்லருந்து வாசிச்சீங்களே."

"பின்ன? வாசிக்கலன்னா நீங்க ஓடிருப்பீங்க. செருப்பையேதான பாத்துட்டிருந்தீங்க!"

என் மானத்தை யாருக்கும் தெரியாமல் காப்பாற்றிக் கொடுத்த அந்த நாலு வரி முன்னிசையை, இன்றும் மவுத்பீஸை உதட்டில் வைக்கும்போதெல்லாம் மனதுக்குள் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.

அன்று நான் பிரமாதமாக வாசித்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் சுரம் வரவேயில்லை, நடுவில் ஒன்று கீச்சிட்டது. அந்த அம்மா பாட்டைக் கடைசி வரி வரை பாடி முடித்தார்.