மினரல் பாட்டிலில் வந்த ஆசிட்

என் அக்காவின் கணவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. இது அவர் வாயாலேயே நான் பலமுறை கேட்டது. லாரிக் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பாலிங் பக்கம் சின்னதாக ஒரு ரப்பர் தோட்டம் வாங்கினார். அன்றிலிருந்து மண், மழை, உரம், ரப்பர் விலை எல்லாவற்றுக்கும் அவர்தான் நிபுணர். பாலெடுக்க மரம் சீவுவது என்னவோ அங்கேயே குடியிருக்கும் ஒரு மலாய்த் தம்பதி. அத்தான் வாரத்துக்கு ஒருமுறை போய் மரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு வருவார்.

ரப்பர் பாலை உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட் வேண்டும். நிறையத் தண்ணீரில் கொஞ்சம் கலந்து ஊற்றினால் பால் கெட்டித் தயிர்போல இறுகிவிடும். கலக்காத ஆசிட் வேறு ஜாதி. பார்க்கப் பச்சைத் தண்ணீர். முகர்ந்தால் மூக்கு அறுந்து விழுவதுபோல இருக்கும். தோலில் பட்டால் வெந்துபோகும். இரும்பையும் அரிக்கும். நான் பாடாங் செராய்க்குப் பக்கத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில், கெமிக்கல் ஸ்டோரில் வேலை பார்க்கிறேன். அங்கே இதைத் தொடுவதென்றால் கண்ணாடி, கையுறை, ஏப்ரன் எல்லாம் மாட்டிக்கொள்ள வேண்டும்.

அத்தானுக்கு அதெல்லாம் தேவையில்லை. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களோடு சேர்ந்து ஒரு கேன் வாங்கி, தன் பங்கைக் காலி மினரல் வாட்டர் பாட்டில்களில் நிரப்பிக்கொண்டு வருவார். லேபிள் கிடையாது. அவற்றை வைக்கும் இடம் அக்காவின் பின்கட்டுச் சமையலறை, பாத்திரம் கழுவும் சிங்க்குக்குக் கீழே.

"அத்தான், தண்ணி பாட்டில்ல வைக்காதீங்க. யாராவது குடிச்சிட்டா என்னா பண்ணுவீங்க? சூட்டுல கேஸ் வேற கட்டிக்கும்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"நீ பேக்டரில கிளவுஸ் மாட்டிக்கிட்டுப் பாக்கறவ. நாங்கல்லாம் எஸ்டேட்ல ஆசிட்டோட வளந்தவங்க லா" என்றார்.

அவர் பிறந்து வளர்ந்தது அலோர் ஸ்டாரில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில்.

அக்கா மகளின் நிச்சயதார்த்தம் வந்தது. வீட்டு முன்னால் பந்தல் போட்டு, நாற்காலிகளுக்கு உறை மாட்டி, தரையில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். சமையலுக்கு ஆள் வைத்திருந்தாலும் அச்சார் ஊறுகாய் மட்டும் தன் கையால்தான் என்று அக்கா பிடிவாதம். நான் பின்கட்டில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தகரக் கூரை கொதித்தது.

மலாயில் வினிகருக்கு 'சூக்கா' என்று பெயர். நாங்களும் அப்படித்தான் சொல்வோம். ரப்பர் ஆசிட்டும் சூக்காதான். ஒரே பேர், இரண்டு பாட்டில்.

"ஏங்க, சூக்கா எங்க வச்சீங்க?" என்று அக்கா கூடத்தைப் பார்த்துக் கேட்டாள். அத்தான் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சிங்க்குக்குக் கீழ."

சமையல் வினிகர் அலமாரியில் இருந்தது. அன்று காலை பாசாரில் வாங்கி, அவரே கொண்டுவந்து வைத்தது.

அக்கா எடுத்த பாட்டில் வயிறு உப்பியிருந்தது. நான் தலை நிமிர்வதற்குள் மூடியைத் திருகிவிட்டாள். புஸ்ஸென்று பொங்கி மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வழிந்தது. பாட்டில் சிங்க்கில் விழுந்தது. எழும்பிய நெடியில் இரண்டு பேருக்கும் மூச்சு அடைத்தது. அக்கா கத்தவில்லை. "எரியுதுடி" என்றாள், ஏதோ சந்தேகம் கேட்பதுபோல.

அவளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். பந்தலை ஒட்டியிருந்த குழாயைத் திறந்து அவள் கையை நீட்டிப் பிடித்தேன். வளையல்களைக் கழற்றினேன். ரவிக்கைக் கையைக் கத்தரியால் வெட்டி எறிந்தேன். ஆசிட் பட்டால் செய்யக்கூடியது அது ஒன்றுதான்: ஓடும் தண்ணீர், நிறைய, நிறுத்தாமல்.

அத்தான் கிச்சாப் பாட்டிலோடு வந்தார். "இத ஊத்து. எரிச்சல் அடங்கிடும்."

"சோயா சாஸ ஊத்தி என்னா, பெரட்டவா போறீங்க? தள்ளுங்க அத்தான்."

கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு குனிந்து குழாயை மூடினார்.

"என்னா பண்றீங்க?"

"போதும்மா, கழுவியாச்சில்ல. தண்ணி கார்ப்பெட்டுக்கு வருது. மாப்பிள்ள வீட்டு ஆளுங்க வர்ற நேரம்."

குழாயை மறுபடியும் முழுசாகத் திறந்தேன். கால் மணி நேரத்துக்கும் மேலாக அங்கேயே நின்றோம். சிவப்புக் கம்பளம் தொப்பலாக நனைந்தது. நனையட்டும் என்று இருந்தது. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகக்கூட இருந்தது.

கிளினிக்கில் அவர் முந்திக்கொண்டார். "சூக்கா கொட்டிடுச்சு டாக்டர்" என்று மலாயில் சொன்னார். ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகர் ஒருவர் கையை இப்படிச் சிவக்க வைக்குமா என்பதுபோல அந்த இளம் மலாய் டாக்டர் அவரையே பார்த்தார். நான் ஃபார்மிக் ஆசிட் என்றேன், எவ்வளவு கெட்டியானது என்றும் சொன்னேன். டாக்டர் உடனே எழுந்து, அக்காவின் கையை மறுபடி தண்ணீரில் காட்டினார். கண்ணைப் பார்த்தார். மூச்சைக் கேட்டார். பிறகுதான் மருந்து.

கட்டுப்போட்ட கையோடு அக்கா மகளுக்கு ஆரத்தி எடுத்தாள். மாப்பிள்ளை வீட்டாரிடம் அத்தான் விளக்கிக்கொண்டிருந்தார்: "நான்தான் சட்டுன்னு தண்ணில காட்டச் சொன்னேன். இல்லன்னா கை போயிருக்கும்." சம்பந்தி தலையாட்டினார்.

புண் ஆறிவிட்டது. தோல் மட்டும் அங்கங்கே வெளுத்து, இழுத்துப் பிடித்தமாதிரி இருக்கிறது. கட்டுப் பிரித்த அன்று அக்கா அவரிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "இன்னொரு பாட்டிலு இந்த வீட்டுக்குள்ள வந்திச்சி, நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிருவேன்." திருமணமாகி முப்பது வருஷத்துக்கு மேலாகியும் அவளிடமிருந்து அப்படியொரு குரலை அவர் கேட்டதில்லை. மறுநாளே தோட்டத்தில் பூட்டுப் போட்ட ஒரு கொட்டகை எழுந்தது. கடையில் வாங்கிய கேன், லேபிளோடு, இப்போது அங்கேதான் இருக்கிறது.

அதுவும் அவருடைய சொந்த யோசனையாகிவிட்டது. கோயில் கூட்டத்தில்கூட ஆசிட் பாதுகாப்பு பற்றிப் பேசினாராம். போன மாதம் தேநீர் குடிக்கப் போனபோது எனக்கே வகுப்பு எடுத்தார்.

"கலக்கறதுலயும் ஒரு மொற இருக்கும்மா. மொதல்ல ஆசிட்ட ஊத்தணும், அப்பறம் மெதுவா தண்ணிய…"

அடுப்படியிலிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், அக்கா சொன்னாள். "மொதல்ல தண்ணி. அதுலதான் ஆசிட்ட ஊத்தணும். மாத்திச் செஞ்சா மூஞ்சில தெறிக்கும்."

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் அத்தான்.