கண்டமாலை இல்லை

மலாயாவின் சுதந்திர நாளான மெர்டேக்காவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது என் கழுத்தின் இடப்பக்கம் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி வந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. மலாக்காவில், பண்டார் ஹிலிரில் ஒரு தையல் கடையில் கொடி தைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலமானால் காய்ச்சல் வேறு. ஒரு வாரத்துக்குள் அந்தக் கட்டிக்குத் துணையாக இன்னும் இரண்டு வந்து சேர்ந்தன.

அம்மா தொட்டுப் பார்த்து, “கண்டமாலை” என்றார். கழுத்தில் வரும் காசநோயை அப்படித்தான் சொல்வார்கள். அன்றே எனக்குத் தனித் தட்டு, தனிக் குவளை, தனிப் பாய். கடை முதலாளியும், “நல்லா ஆனதும் வாம்மா” என்று அனுப்பிவிட்டார்.

கடையில் என்னோடு வேலை செய்த தோழி பார்க்க வந்தாள். கம்போங் செட்டிக்காரி; பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டிகளின் வழி வந்தவள். சாமி பெயர்களும் சாப்பாட்டுப் பெயர்களும்தான் அவளுக்குத் தமிழில் தெரியும். மற்றதெல்லாம் அவர்கள் வீட்டு மலாய். வந்தவள் என் குவளையில் மிச்சமிருந்த காப்பியை எடுத்துக் குடித்துவிட்டாள்.

அம்மா பதறிப்போய், “அது அவ குவளைம்மா” என்றார்.

“தாக் அப்பா லா, மாமி.” பரவாயில்லையாம். மறுநாள் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனவளும் அவள்தான்.

டாக்டர் ஒரு கட்டியை அறுத்தெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவைக் கேட்க அம்மாவும் வந்தார். டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதை எங்களுக்குத் தமிழில் சொன்னார், அவருக்கு உதவியாக இருந்த டிரஸ்ஸர்.

“டிபி இல்லம்மா. புத்துநோயும் இல்ல. நெறிகட்டிக்குள்ள கொஞ்சம் சதை செத்துக் கெடக்குதாம். ஏன்னு டாக்டருக்கே தெரியலையாம்.”

“மருந்து?”

“வீட்டுக்குப் போயி நல்லாச் சாப்பிடச் சொல்றாரு.”

“இதுக்கா கழுத்த அறுத்தாங்க?” என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார் அம்மா. ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் என் குவளையைக் கழுவி, மற்றக் குவளைகளோடு கவிழ்த்து வைத்தார். அதுவரை அழாத எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

கட்டிகள் வந்த மாதிரியே போய்விட்டன. மெர்டேக்கா அன்று நானும் தோழியும் தொண்டை கட்டும்வரை கத்தினோம்.

பல வருடங்கள் கழித்து, ஆஸ்பத்திரியில் படுத்திருந்த என் மகளைப் பார்க்க வந்த இளம் டாக்டரம்மா என் தழும்பைக் கவனித்துக் கதை கேட்டார். ஜப்பானிய மருத்துவர்கள் முதலில் எழுதிய அபூர்வ நோய் ஒன்று இருக்கிறதாம். அங்கே பெரும்பாலும் இளம்பெண்களுக்குத்தான் வருமாம். கழுத்தில் நெறிகட்டும், காய்ச்சல் அடிக்கும், சில மாதங்களில் தானாகவே ஆறிவிடும். “உங்களுக்கும் அதுவா இருக்கலாம், ஆன்ட்டி. உறுதியா சொல்ல முடியாது” என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். சண்டையின்போது ஜப்பான்காரர்கள் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று பிழைத்தவர் அவர்.

“அவனுங்கதான் அப்பவே போயிட்டானுங்களே” என்றார். “இத மட்டும் எதுக்கு உன் கழுத்துல வச்சிட்டுப் போனானுங்க?”