நியூஸ் வந்ததால் நின்றுபோன கதை

பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. அப்போது ஏழாவது படிக்கிறேன். மூன்று நிமிஷத்தில் ஒரு பயணப் படம் எடுத்து வரச் சொல்லியிருந்தார் சோஷல் டீச்சர். சனிக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் எல்லார் வீட்டாரும் வந்து பார்ப்பார்கள். எங்கள் ஊர் சித்தூரிலிருந்து திருப்பதி வரை பஸ் ஜன்னலில் தெரிவதை எடுப்பது, பின்னால் மாமா சொல்லும் ரேடியோ கதைகளை ஓடவிடுவது. வாயில் நுரையோடு அம்மாவிடம் சொன்னேன். ஒன்றும் புரியாமலே சரி என்றாள்.

மாமா அம்மாவின் தம்பி. தையல்கடை வைத்திருந்தார், கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. சின்ன வயதில் அக்காவும் தம்பியும் ஒரே ரேடியோவில் தமிழ் ஸ்டேஷன் நாடகங்களைக் கேட்டு வளர்ந்தவர்கள். அம்மா கேட்டதோடு சரி. மாமா கதவு கிரீச்சிடுவதிலிருந்து மாமியார் இருமுவது வரை நடித்தே காட்டுவார்.

நைனா, அதாவது அப்பாவின் போனை வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை நானும் மாமாவும் கிளம்பினோம். பாகாலா வருவதற்குள் திருடன் கதை முடிந்தது. சந்திரகிரி கோட்டை தெரிந்ததும் பேய்க்கதை. முன்சீட்டுக்காரர் திரும்பி, பேய் கடைசியில் யாரைப் பிடித்தது என்று தெலுங்கில் கேட்டார். டிரைவரைத்தான் என்றார் மாமா.

திருப்பதியில் இறங்கி அலிபிரிக்குப் போனோம். திருமலைப் படிகள் தொடங்கும் அந்த இடத்தில், நான் கேட்காமலே ஒரு புதுக்கதை சொன்னார். இதில் நடிப்பே இல்லை. ஒரு பையன், ஒரு பெண். வீட்டில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அவள் கிளம்புகிறாள். "இக்கடே உண்டு, வஸ்தானு." இங்கேயே இரு, வந்துடறேன். அவன் தேங்காய்க் கடை ஓரமாக நிற்கிறான். கடை சாத்தும்வரை நிற்கிறான்.

"அப்புறம் மாமா?"

"அப்புறம் நியூஸ் வந்துடுச்சு பாப்பா. முடிவு கேக்கல."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. முடிவில்லாத கதையை ஹாலில் எப்படிப் போடுவது? வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் படத்தைக் காட்டி, நீயும் கேட்டிருப்பியே, முடிவைச் சொல்லு என்றேன். பேய்க்குச் சிரித்தவள் அலிபிரி வந்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

"தமிழ் ஸ்டேஷன்ல எவ தெலுங்கு பேசுவா? இது ரேடியோல வந்த கதை இல்ல."

எங்கள் வீட்டில் ஒரே வாக்கியத்தில் இரண்டு பாஷையும் ஓடும். எனக்கு அது உறைக்கவே இல்லை.

"அப்ப எதுல வந்துச்சு?"

போனை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். "கடை சாத்துற வரைக்குமா நின்னுக்கினு இருந்தான்?" என்றாள்.

"அப்படித்தானே சொல்றாரு."

"அந்தத் துண்டை எடுத்துடு."

எடுக்கவில்லை. எடுத்தால் மூன்று நிமிஷம் தேறாது. என் குரலிலேயே ஒரு முடிவைச் சேர்த்தேன். அவள் மூச்சு வாங்க ஓடிவந்து, வந்துட்டேன் என்று தெலுங்கில் சொல்கிறாள்: "வச்சேசா." அவ்வளவுதான்.

சனிக்கிழமை ஹாலில் பேய்க்குத்தான் கைதட்டல். என் முடிவு வந்தபோது அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் மாமா போனைக் கேட்டார். கடைசித் துண்டை மட்டும் போடச் சொன்னார். இன்னொரு தடவை. மூன்றாவது தடவையும்.

"நல்லாத்தான் முடிச்சிருக்க."

குரலை அழகாக மாற்றிப் பேசியிருக்கிறேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். சொன்ன பேச்சைக் கேட்காததற்கு அம்மா ஏன் திட்டவில்லை என்பதுதான் புரியவில்லை.

இப்போது திருப்பதியில் படிக்கிறேன். கையில் சொந்தக் கேமரா இருக்கிறது. அன்று நான் மாமாவுக்குச் செய்தது நல்லதா கெட்டதா என்பது இன்னும் விளங்கவில்லை. ஒருநாள் நல்லது என்று படுகிறது, மறுநாள் இல்லை. வருகிற ஞாயிறு அவர் வருகிறார். அலிபிரிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். அப்புறம் என்ன ஆச்சு என்று இந்தத் தடவை கேட்கமாட்டேன். அவள் பேர் என்ன மாமா என்று மட்டும் கேட்கப்போகிறேன்.